நாலைந்து கணினி, ஓயாத அப்டேட் அறிவிப்பு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஜெராக்ஸ் கடை, டைப்பிங் சென்டர், இ-சேவை மையம், டியூஷன் சென்டர், ஆளுக்கொரு லேப்டாப் வைத்திருக்கும் வீடு என்று ஒரே இணைப்பில் மூன்று முதல் எட்டு கணினிகள் ஓடும் இடங்களுக்கான குறிப்பு இது. நாகர்கோவில் கோர்ட் ரோடானாலும் குலசேகரம் சந்தையானாலும் தொல்லை ஒன்றுதான். அறிவிப்பு வந்த கணினியில் உட்கார்ந்திருப்பவர் அவருக்குத் தோன்றியதை அழுத்திவிடுகிறார். ஒரு வாரம் கழித்து ஒன்றில் பிரிண்ட் வராது, இன்னொன்றில் ஷேர் ஃபோல்டர் திறக்காது.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்பை மட்டும் படித்தால் போதும். செலவில்லாத காரணம் முதலில் வரும், காசு வைக்கும் காரணம் கடைசியில். மெனுப் பெயர்கள் விண்டோஸ் 11-க்கு உரியவை. விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸுக்குள் 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி' என்ற படி ஒன்று கூடுதலாக இருக்கும்.

கைவைப்பதற்கு முன் ஒரு வேலை. ஒவ்வொரு கணினிக்கும் எண் போட்டு ஒட்டுங்கள். நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எண், விண்டோஸ் பதிப்பு, ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா, சி டிரைவில் காலி இடம், அதில் மாட்டியிருக்கும் சாதனம் எல்லாவற்றையும் எழுதுங்கள். பதிப்பு தெரிய விண்டோஸ் கீயையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தி, 'வின்வெர்' (winver) என்று ஆங்கிலத்தில் அடித்தால் போதும். பிரிண்டரோ கைரேகை ஸ்கேனரோ மாட்டாத கணினி ஒன்றை வெள்ளோட்டக் கணினியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த அப்டேட்டும் முதலில் அதில்தான் ஏற வேண்டும். இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்து, கோளாறு இல்லை என்றால் மற்றவற்றுக்கு. அதுவரை மற்றவற்றில் செட்டிங்ஸ் > விண்டோஸ் அப்டேட் > 'பாஸ்' (Pause) கொடுத்து ஒரு வாரம் நிறுத்தலாம். அதிகபட்சம் ஐந்து வாரம் நிறுத்த முடியும். அதற்குமேல் ஒருமுறை ஏற்றிய பிறகுதான் மறுபடி நிறுத்த விடும்.

அறிகுறி: இது யாருடைய அறிவிப்பு என்றே தெரியவில்லை

வலது கீழ்மூலையில் வரும் பெட்டியில் எந்தப் பெயர் இருக்கிறது என்று படியுங்கள். அதிலிருந்து வழி பிரிகிறது.

*விண்டோஸ் அப்டேட் என்று இருக்கிறது.* பெட்டியில் எதையும் அழுத்தாமல் செட்டிங்ஸ் > விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறங்கள். அங்கேயும் அதே செய்தி இருந்தால் அசல். இல்லை என்றால் அடுத்த இரண்டு வழிகளைப் பாருங்கள்.

*கூகுள் குரோம் அல்லது எட்ஜ் பெயரும், கூடவே ஏதோ ஓர் இணையதள முகவரியும் இருக்கிறது.* "ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது", "5 வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது" என்று வருபவை பெரும்பாலும் இந்த ரகம். கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரோ ஒருவர் படம் பார்க்கவோ ரிசல்ட் தேடவோ போன தளத்தில் 'அலோ' அழுத்தியிருக்கிறார். குரோம் செட்டிங்ஸ் > பிரைவசி அண்ட் செக்யூரிட்டி > சைட் செட்டிங்ஸ் > நோட்டிஃபிகேஷன்ஸ் போய், 'அலோ' பட்டியலில் தெரியாத தளங்களை நீக்குங்கள். பொதுப் பயன்பாட்டுக் கணினி என்றால் அதே பக்கத்தில் தளங்கள் அறிவிப்பு அனுப்பவே கூடாது என்ற தேர்வைப் போட்டுவிடுவது நல்லது. நீக்கிய பிறகும் வந்தால் எக்ஸ்டென்ஷனை, அதாவது பிரவுசரில் ஏற்றிய துணை நிரலைப் பாருங்கள். கடையிலுள்ள எல்லாக் கணினியிலும் ஒரே ஜிமெயில் கணக்கில் குரோமைத் திறந்து சிங்க் போட்டிருந்தால், ஒன்றில் ஏறிய கெட்ட எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றிலும் ஏறும். ஒன்றில் அழித்தால் மட்டும் போதாது, ஒவ்வொன்றிலும் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

*முழுத்திரை எச்சரிக்கை, சைரன் சத்தம், கூடவே ஒரு ஃபோன் நம்பர்.* போலி. மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கையில் ஒருபோதும் ஃபோன் நம்பர் இருக்காது. எஸ்கேப் கீயை சில நொடி அழுத்திப் பிடியுங்கள். அசையவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். அந்த நம்பரை அழைத்து, அவர்கள் சொன்ன புரோகிராமையும் ஏற்றியாகிவிட்டதென்றால் உடனே நெட் கேபிளைப் பிடுங்குங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் அப்போதே சொல்ல வேண்டும். அந்தக் கணினியை விண்டோஸ் புதிதாகப் போடும் வரை பேங்க் வேலைக்குத் தொடாதீர்கள். இங்கே ஆளைக் கூப்பிடத் தயங்க வேண்டியதில்லை.

*பிரிண்டர் கம்பெனி, லேப்டாப் கம்பெனி, ஜாவா போன்றவை.* அசல்தான், ஆனால் அவசரமில்லை. வேலை ஓடிக்கொண்டிருக்கும் பிரிண்டருக்கு டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) அப்டேட் தேவையே இல்லை என்பதுதான் எங்கள் கட்சி. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்தும் கணினியில் ஜாவா அப்டேட்டை வெள்ளோட்டம் பார்க்காமல் ஏற்றவே கூடாது. டாஸ்க் மேனேஜர் > ஸ்டார்ட்அப் ஆப்ஸில் இவற்றை 'டிசேபிள்' செய்தால் தொணதொணப்பு பாதி குறையும்.

குரோமின் சொந்த அப்டேட் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. மேல்மூலை ஐகான் பச்சை என்றால் அப்டேட் வந்து இரண்டு நாளுக்குள், ஆரஞ்சு என்றால் ஏறத்தாழ நான்கு நாள், சிவப்பு என்றால் ஒரு வாரம் தாண்டிவிட்டது. பிரவுசரை மூடித் திறந்தாலே ஏறிவிடும்.

அறிகுறி: எல்லாக் கணினியிலும் ஒரே நாளில் அறிவிப்பு, நெட் நகரவே இல்லை

முதலில் காலண்டரைப் பாருங்கள். மாதாந்திர பாதுகாப்பு அப்டேட் அமெரிக்க நேரப்படி இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலையில் வெளியாகும். நமக்கு அது செவ்வாய் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. ஆகவே புதன் காலை கடை திறந்து எல்லாவற்றையும் ஆன் செய்ததும் அத்தனையும் ஒன்றாக இறக்க ஆரம்பிக்கும். 'இரண்டாவது புதன்' என்று கணக்கு வைக்காதீர்கள். மாதம் புதன்கிழமையில் பிறந்தால் அது மூன்றாவது புதனாகிவிடும்.

அப்டேட்தான் நெட்டைத் தின்கிறதா என்று பார்க்க, டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் பத்தியை அழுத்தி வரிசைப்படுத்துங்கள். டெலிவரி ஆப்டிமைசேஷன் (அப்டேட்டை இறக்கிப் பங்கிடும் விண்டோஸ் பகுதி) என்ற பெயர் மேலே நின்றால் அதுதான்.

செலவில்லாத வழி: செட்டிங்ஸ் > விண்டோஸ் அப்டேட் > அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் > டெலிவரி ஆப்டிமைசேஷன். மற்றக் கணினிகளிலிருந்து இறக்க அனுமதியைப் போட்டு, 'லோக்கல் நெட்வொர்க்' என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். இன்டர்நெட்டிலுள்ள கணினிகளையும் சேர்க்கும் தேர்வு வேண்டாம். உங்கள் அப்லோடு ஊராருக்குப் போகும். இதை எல்லாக் கணினியிலும் செய்ய வேண்டும். பிறகு வெள்ளோட்டக் கணினியில் முழுதாக இறங்கி முடிந்ததும், அதை ஆன் செய்தே வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக விடுங்கள். அதே பக்கத்திலுள்ள ஆக்டிவிட்டி மானிட்டரில் லோக்கல் நெட்வொர்க்கிலிருந்து எவ்வளவு வந்தது என்று தெரியும். அங்கே எதுவுமே வரவில்லை என்றால் பெரும்பாலும் ஒன்று வைஃபையிலும் மற்றொன்று 'கெஸ்ட்' வைஃபையிலும் இருக்கும். இரண்டையும் ஒரே வைஃபைக்குக் கொண்டுவாருங்கள். 4 ஜிபிக்குக் குறைவான ராம் உள்ள கணினி இந்தப் பங்கீட்டில் சேராது.

ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் ஓடும் இடம் என்றால் முதல் வேலையாக அந்த வைஃபையின் பிராப்பர்ட்டீஸில் 'மீட்டர்டு கனெக்ஷன்' (அளவான டேட்டா உள்ள இணைப்பு) போடுங்கள். ஒரு கணினியில் போட்டால் மற்றதற்கு வராது. ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் போட வேண்டும். மாத அப்டேட் சில நூறு எம்பியிலிருந்து சில ஜிபி வரை வரும். ஒருநாள் டேட்டா ஒரே கணினியில் காலியாகிவிடும்.

கேபிளில் ஓடும் கணினி ஒன்று மட்டும் மெதுவாக இருந்தால் செட்டிங்ஸ் > நெட்வொர்க் > ஈதர்நெட்டில் 'லிங்க் ஸ்பீட்' பாருங்கள். மற்றவை 1000 காட்டும்போது அது 100 அல்லது 10 காட்டினால் கேபிள் முனையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று பட்டு செம்புத் தகடுகள் கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். முனையை வெட்டிப் புதிய கனெக்டர் அடித்தால் சரியாகும். போர்ட்டுக்குள்ளேயே பச்சை ஏறியிருந்தால் யுஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று வாங்கி மாட்டுவது போர்டைச் சரிசெய்வதைவிட மலிவு.

'கெட் த லேட்டஸ்ட் அப்டேட்ஸ்' என்ற ஸ்விட்ச் எந்தக் கணினியிலாவது ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். மாதக் கடைசியில் வரும் முன்னோட்ட அப்டேட்டை அது தானாகவே இழுத்துவரும். கடைக்கு அது தேவையில்லை.

அறிகுறி: வேலை நடுவில் ரீஸ்டார்ட் கேட்டு மிரட்டுகிறது, சில நேரம் தானே ஆகிவிடுகிறது

ஆக்டிவ் ஹவர்ஸ், அதாவது தானே ரீஸ்டார்ட் ஆகக் கூடாத வேலை நேரம், சரியாக இல்லாததுதான் முதல் சந்தேகம். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் அதை 'மேனுவல்' ஆக்கி, கடை நேரத்தைக் கொடுங்கள். அதிகபட்சம் 18 மணி நேரம் ஏற்கும். பக்கத்திலுள்ள ரீஸ்டார்ட் முன்னறிவிப்பு ஸ்விட்சையும் போட்டுவையுங்கள்.

அதைப் போட்டும் மாதாமாதம் வந்தால் காரணம் வேறு. இரவு கடை பூட்டும்போது மெயினை அணைத்துவிட்டுப் போகிறீர்கள். ஆக்டிவ் ஹவர்ஸுக்கு வெளியே அந்தக் கணினி ஆன் ஆகி இருப்பதே இல்லை. ஆகவே ரீஸ்டார்ட் ஆக அதற்கு நேரமே கிடைப்பதில்லை, கெடு முடிந்ததும் பகலில் கழுத்தைப் பிடிக்கிறது. இடி மின்னல் காலத்தில் மெயினை அணைக்காதீர்கள் என்று சொல்ல மாட்டோம், அணைத்துத்தான் ஆக வேண்டும். மாதம் ஒரு நாள், மாதாந்திர அப்டேட் வரும் புதனை அடுத்த சனிக்கிழமை போல, மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டிரண்டாக ரீஸ்டார்ட் கொடுத்துவிடுங்கள். துணைமின்நிலையப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளில் மட்டும் அதை வைக்காதீர்கள்.

'அப்டேட் அண்ட் ஷட்டவுன்' கொடுத்தும் மறுபடி ஆன் ஆகி நிற்கும் கோளாறு பல கணினிகளில் இருந்தது. 2025 கடைசியில் வந்த அப்டேட்டில்தான் அதற்குத் தீர்வு வந்தது. பழைய அப்டேட்டில் நிற்கும் கணினி என்றால் திரை கறுத்ததும் கிளம்பிவிடாமல் விசிறிச் சத்தம் நிற்கும் வரை இருந்து பாருங்கள்.

அறிகுறி: இறங்குகிறது, ஏறும்போது பிழை எண் காட்டி நிற்கிறது

அப்டேட் ஹிஸ்டரியில் உள்ள பிழை எண்ணைக் குறியுங்கள். முன்னால் வரும் பூஜ்யத்தையும் பெருக்கல் குறி போன்ற எழுத்தையும் விட்டுவிட்டு மீதியைப் பாருங்கள்.

*80070070:* இடம் போதவில்லை. செட்டிங்ஸ் > சிஸ்டம் > ஸ்டோரேஜ் > டெம்பரரி ஃபைல்ஸில் 'விண்டோஸ் அப்டேட் கிளீன்அப்' டிக் செய்து அழியுங்கள். அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் வெப்பில் வாடிக்கையாளர் அனுப்பிய பத்திரம், சான்றிதழ் எல்லாம் அங்கேதான் கிடக்கும், போனால் போனதுதான். ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பு அப்டேட்டுக்கு 20 ஜிபியாவது காலி வைத்துக்கொள்ளுங்கள். 128 ஜிபி எஸ்எஸ்டியில் இது தீராத தலைவலி. 256 ஜிபிக்கு மாற்றுவதே முடிவு.

*80070422:* அப்டேட் சர்வீஸையே யாரோ அணைத்திருக்கிறார்கள். அறிவிப்புத் தொல்லை தாங்காமல் யூடியூப் பார்த்து ஏதாவது 'பிளாக்கர்' ஏற்றியிருக்கலாம். அதை நீக்கிவிட்டு, ஸ்டார்ட்டில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, 'விண்டோஸ் அப்டேட்' வரியில் ஸ்டார்ட்அப் டைப்பை 'மேனுவல்' ஆக்குங்கள்.

*80072F8F:* தேதியைப் பாருங்கள். கணினி பல வருடம் பின்னால் நிற்கும். பேங்க் தளங்களும் 'பாதுகாப்பற்றது' என்று சொல்லும். தேதியைச் சரிசெய்தால் அன்றைக்கு ஓடும். மறுநாள் மெயின் போட்டதும் மறுபடி பின்னால் போனால் மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலும் கிடைக்கும், சில பத்து ரூபாய்தான். டெஸ்க்டாப்பில் பவர் கேபிளைக் கழற்றிவிட்டு நீங்களே மாற்றலாம். லேப்டாப்பில் சில மாடல்களில் வயரோடு வரும், அதை ஆளிடம் கொடுங்கள்.

*80070643, விண்டோஸ் 10-இல், கேபி5034441 என்ற அப்டேட்டுக்கு மட்டும்:* ஜனவரி 2024-இல் தொடங்கிய தொல்லை. டிஸ்கில் உள்ள ரிகவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இல்லாததுதான் காரணம். பார்ட்டிஷனைப் பெரிதாக்கினால் போகும், ஆனால் கை தவறினால் டிஸ்க் முழுக்கப் போகும். பேக்கப் இல்லாமல் யாரும் அதில் கைவைக்க வேண்டாம். மற்ற அப்டேட்கள் ஏறிக்கொண்டிருந்தால் இதை விட்டுவிடலாம்.

*80073712, அல்லது வேறு எந்த எண்ணானாலும் மறுபடி மறுபடி:* படிப்படியாகப் போங்கள். முதலில் ரீஸ்டார்ட். அடுத்து செட்டிங்ஸ் > சிஸ்டம் > டிரபுள்ஷூட் > அதர் டிரபுள்ஷூட்டர்ஸில் விண்டோஸ் அப்டேட்டை ஓட்டுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சர்வீசஸில் விண்டோஸ் அப்டேட்டை 'ஸ்டாப்' செய்துவிட்டு, சி டிரைவ் > விண்டோஸ் > சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் > டவுன்லோட் ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் அழித்து, மறுபடி 'ஸ்டார்ட்' செய்யுங்கள். பாதியில் கெட்டுப்போன கோப்பு போய்ப் புதிதாக இறங்கும். கடைசிப் படி, விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் > சிஸ்டம் > ரிகவரியில் உள்ள 'ரீஇன்ஸ்டால் நவ்'. ஃபைலும் புரோகிராமும் அப்படியே இருக்க விண்டோஸை மட்டும் புதுப்பிக்கும். சில ஜிபி இறக்கும், ஹார்ட் டிஸ்க் என்றால் அரைநாள் பிடிக்கும். அதுவும் பாதியில் நின்றால் டிஸ்க் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். பேக்கப் எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: ஒன்று அப்டேட் ஆனது, அன்றிலிருந்து பிரிண்டரும் ஷேர் ஃபோல்டரும் வேலை செய்யவில்லை

பல கணினி இருக்கும் இடத்தில் அதிக நேரத்தை விழுங்குவது இதுதான். பிரிண்டர் மாட்டிய கணினி ஆன் ஆகியிருக்கிறதா, தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதிலிருந்தே ஒரு பிரிண்ட் கொடுங்கள்.

அங்கேயே வரவில்லை என்றால் டிரைவர் பிரச்சினை. டிவைஸ் மேனேஜரில் பிரிண்டரோ கைரேகை ஸ்கேனரோ இருக்கும் வரியைத் திறந்து, டிரைவர் டேபில் 'ரோல் பேக்' தெரிந்தால் அழுத்துங்கள். தெரியவில்லை என்றால் சாதனத்தை நீக்கி, கம்பெனி தளத்திலிருந்து டிரைவரை ஏற்றுங்கள். இனிமேல் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' பக்கத்தில் டிரைவர் வரிகளில் டிக் போட வேண்டாம்.

அங்கே வருகிறது, மற்றதிலிருந்துதான் வரவில்லை என்றால் வரிசையாகப் பாருங்கள். நெட்வொர்க் 'பப்ளிக்' ஆக மாறியிருக்கும், பெரிய அப்டேட்டுக்குப் பிறகு இது சகஜம். அதைப் 'பிரைவேட்' ஆக்கியும் நடக்கவில்லை என்றால் பாஸ்வேர்டு இல்லாமல் ஷேர் செய்ததுதான் காரணமாக இருக்கும். விண்டோஸ் 11 புரோ 24எச்2 பதிப்பிலிருந்து, பெயர் கேட்காமல் 'கெஸ்ட்' ஆக உள்ளே விடும் பழைய ஷேரிங்கை விண்டோஸ் தடுத்துவிட்டது. ஷேர் கொடுக்கும் கணினியில் பாஸ்வேர்டு உள்ள லோக்கல் யூசர் ஒன்றை உருவாக்குங்கள். மற்றக் கணினிகளில் கிரெடென்ஷியல் மேனேஜர் > விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸில் அந்தக் கணினியின் பெயர், யூசர், பாஸ்வேர்டு மூன்றையும் ஒருமுறை சேமியுங்கள். இதிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இன்னும் பிரிண்டர் மட்டும் இணையவில்லை என்றால் இரண்டு கணினிகளின் அப்டேட் தேதிகளை ஒப்பிடுங்கள். செப்டம்பர் 2021 முதல் பிரிண்ட் பாதுகாப்பு இறுக்கப்பட்டதால், மிகப் பழைய அப்டேட்டில் நிற்கும் கணினியும் புதியதும் ஒன்றோடொன்று பேசாது. பழையதை ஏற்றுவதுதான் வழி. ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புப் பட்டியல்) ஒரு வரி சேர்த்தால் ஓடும் என்று வீடியோக்கள் சொல்லும். ஓடத்தான் செய்யும், பூட்டைக் கழற்றிவைத்துவிட்டு. லேன் போர்ட் உள்ள பிரிண்டர் என்றால் ரவுட்டரில் நேரடியாக மாட்டி, ஐபி முகவரி கொடுத்து எல்லாக் கணினியிலும் சேர்த்துவிடுங்கள். ஷேரிங்கே தேவைப்படாது. அடுத்த பிரிண்டர் வாங்கும்போது லேன் போர்ட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: அப்டேட் நடுவில் கரன்ட் போய்விட்டது

சதவீதம் நகரவில்லை என்று உடனே அணைக்காதீர்கள். கேபினட்டில் டிஸ்க் லைட் மினுக்கினால் வேலை நடக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்கில் இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகும். லைட் ஒரு மணி நேரமாக அசையவே இல்லை என்றால் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி அணைத்து மறுபடி போடுங்கள். மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னால் விட்டுவிடுங்கள், அதுவே சரியாகும்.

டெஸ்க்டாப் வரவில்லை, மூன்றாவது தடவையும் நின்றது என்றால் பழுது நீக்கும் நீலத்திரை வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் > அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் > 'குவாலிட்டி அப்டேட்' நீக்குங்கள். 'பூட் டிவைஸ் இல்லை' என்று வந்தாலோ, டிஸ்கிலிருந்து டக் டக் சத்தம் கேட்டாலோ, நின்றது பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் என்றாலோ அத்தோடு கையை எடுத்துவிடுங்கள்.

இது அடிக்கடி நடந்தால் அப்டேட்டைத் திட்டிப் பயனில்லை. இன்வெர்ட்டரில் ஓடும் கணினி கரன்ட் போகும் நொடியில் ரீஸ்டார்ட் ஆகிறதா? இன்வெர்ட்டரில் 'யுபிஎஸ்' / 'நார்மல்' அல்லது 'எக்கோ' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது யுபிஎஸ் பக்கம் இருக்க வேண்டும். தனி 600 விஏ யுபிஎஸ் என்றால், வேலை இல்லாத நேரத்தில் சுவர் பிளக்கைக் கழற்றி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை என்றால் உள்ளே உள்ள 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி போய்விட்டது. நல்ல பேட்டரியும் கால் மணி நேரம்தான் தாங்கும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மாலை மழை நேரத்தில் பெரிய அப்டேட் எதையும் தொடங்காதீர்கள்.

அறிகுறி: அப்டேட்டுக்குப் பிறகு 48 இலக்க ரிகவரி கீ கேட்கிறது

இது டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு. புது லேப்டாப்களில் பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு வரும். அந்த லேப்டாப்பை முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் திறந்தார்களோ, அதில் ஃபோன் மூலம் உள்ளே போனால் கீ இருக்கும். திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தை ஒப்பிட்டு எடுங்கள். கடையில் வாங்கும்போது விற்றவரே தன் மெயிலில் திறந்து கொடுத்திருந்தால் அவரைத்தான் கேட்க வேண்டும். கீ எங்கேயும் இல்லை என்றால் டேட்டாவை யாராலும் எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். இன்னும் பூட்டு விழாத லேப்டாப் இருந்தால் கீயை இன்றே பிரிண்ட் எடுத்து, கணினி எண்ணோடு அந்த நோட்டில் ஒட்டுங்கள்.

அறிகுறி: "உங்கள் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தது" என்ற அறிவிப்பு போகவே மாட்டேன் என்கிறது

இது உண்மையான செய்தி. 14 அக்டோபர் 2025-உடன் விண்டோஸ் 10-க்கும், ஆஃபீஸ் 2016, 2019-க்கும் ஆதரவு முடிந்தது.

முதல் வழி, வீட்டுக் கணினிகளுக்கான நீட்டிப்பு. 22எச்2 பதிப்பில் இருந்தால் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் இணைப்பு தெரியும். 13 அக்டோபர் 2026 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சிங்க் செய்தால் காசு இல்லை, இல்லாவிட்டால் 30 டாலர். ஒரே கணக்கில் பத்துக் கணினி வரை சேர்க்கலாம். டொமைனில் (நிறுவனத்தின் மையக் கட்டுப்பாட்டில்) சேர்த்த ஆபீஸ் கணினிகளுக்கு இது பொருந்தாது.

இரண்டாவது, விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்ப்பது. 'பிசி ஹெல்த் செக்' ஓட்டுங்கள். டிபிஎம் (பாதுகாப்பு சிப்) இல்லை என்று மட்டும் சொன்னால் அவசரப்பட்டுக் கணினியைத் தள்ளாதீர்கள். பயாஸில் இன்டெல் பிடிடி அல்லது ஏஎம்டி எஃப்டிபிஎம் அணைந்து கிடக்கும், போட்டால் போதும். பிராசஸர் பழையது என்று சொன்னால் அதற்கு மாற்று கிடையாது. ஐ5-8400 போல எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏறும், ஐ5-7400 ஏறாது. குறுக்குவழியில் ஏற்றித் தருபவர்கள் உண்டு. அடுத்த பெரிய பதிப்பு வரும்போது அந்தக் கணினி மட்டும் தனியாக நிற்கும்.

மூன்றாவது, மாற்றுவது. பழைய கணினிகளில் ஹார்ட் டிஸ்கை எடுத்து எஸ்எஸ்டி போடுவது வேகத்துக்குத்தான் உதவும், இந்த அறிவிப்பை நிறுத்தாது. மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ செகண்ட் ஹேண்ட் வாங்கப் போனால், முன்பணம் கொடுக்கும் முன் விண்டோஸ் கீயோடு 'பாஸ்' (Pause) கீயை அழுத்தி, வரும் பக்கத்தில் பிராசஸர் எண்ணை நீங்களே படித்துப் பாருங்கள். கேபினட் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம்.